பற்றரியில் எத்தனை கோடு

அன்று மழை தூறியதா என்பது நிச்சயமில்லை. தூறியது என்றே சாருகா சொல்லிவருகிறாள். அவளுடைய அம்மா புஷ்பமலர் நல்ல வெயில் என்கிறாள். இருவரும் ஒரே பஸ்ஸிலிருந்து ஒரே தரிப்பில்தான் இறங்கினார்கள். ஆகவே இந்தக் கதையில் வானம் எப்படி இருந்தது என்பதை யாரும் நம்ப வேண்டாம். மற்றவற்றிலும் அங்குமிங்கும் பிசகியிருக்கலாம். இறங்கியவுடன் அம்மா கோயில் வாசலில்போலச் சப்பாத்தைக் கழற்றக் குனிந்ததும், சாருகா அவள் தோளைப் பிடித்து, "அம்மா, இது றோட்டு" என்றதும் மட்டும் இருவர் நினைவிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

சாருகாவின் அப்பா பாலேந்திரன் அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒஸ்லோ நகரத்தின் ஓரத்தில் இருக்கும் அந்த மாரிடாலன் பள்ளத்தாக்கில் இறந்திருந்தார். நோர்வேயில் இறந்தவருக்கும் வரிசை உண்டு. தகன மண்டபம் அடுத்த வாரம்தான் கிடைக்கும் என்றார்கள். அதுவரை உடல் ஆஸ்பத்திரியிலும் சனம் அம்மருட்டில் இருந்த அவர்கள் வீட்டிலுமாக இருந்தன. அடுப்பு மூட்டாத வீட்டுக்கு ஒவ்வொரு நேரமும் யாராவது ஒருவர் பெரிய சட்டியோடு லிஃப்டில் ஏறி வந்தார். புதன்கிழமை காலை பொலிஸிலிருந்து அழைத்தார்கள். அவருடைய மின்சைக்கிள் மாரிடாலனில் ஒரு பண்ணை வீட்டில் பத்திரமாக நிற்கிறது, வசதிப்படும்போது எடுத்துக்கொள்ளலாம்.

"நான் இப்பவே போய் எடுக்கிறன்," என்றாள் சாருகா.

"நில், நானும் வாறன்," என்றாள் அம்மா.

பாலேந்திரனின் அக்கா இராசமணி நிமிர்ந்து பார்த்தார். சில வருடங்களுக்கு முன்புதான் யாழ்ப்பாணத்திலிருந்து லோறென்ஸ்கூக்கில் இருக்கும் மகனிடம் வந்து சேர்ந்தவர். நோர்வேயின் குளிரையும் மொழியையும் வீட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்திருப்பவர்.

"என்ன மலர், செத்தவீட்டுத் துடக்கோடை றோட்டிலை திரியப் போறியோ? சனம் என்ன சொல்லும்?"

"அந்தப் பள்ளத்தாக்கிலை எங்கடை சனம் ஒருத்தரும் இல்லை மச்சாள்."

"ஆடு மாடு நிக்குமெல்லோ. அதுகள் பாக்காதோ?"

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் எல்லோரும் தேநீர்க் கோப்பைகளைப் பார்த்தார்கள். அம்மா கோட்டை மாட்டிக்கொண்டாள்.

முதல் நாள் பின்னேரம் இதே இராசமணி மாமி குசினியில் நின்று, வந்திருந்த ஒருத்தியிடம் சொன்னதைச் சாருகா நடையில் நின்று கேட்டிருந்தாள். "நெஞ்சிலை குழாய் வைச்ச மனிசனுக்கு ஆரும் சைக்கிள் வாங்கிக் குடுப்பினமே? அதுவும் படிச்ச பிள்ளை. என்ரை தம்பி வீட்டிலை இருந்திருந்தா இப்பவும் இருந்திருப்பான்." மாமியின் குரலில் வன்மம் இல்லை. அழுது அழுது தடித்துப்போன குரல். வன்மமாக இருந்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

சைக்கிளை வாங்கிக் கொடுத்தவள் சாருகாதான். போன வருடம் அப்பாவின் இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு வந்து, உள்ளே சிறு வலைக்குழாய் ஒன்றை வைத்தார்கள். பஸ் கழுவும் வேலையை விடவேண்டியதாயிற்று. ஜன்னலோரம் இருந்து கார்த் தரிப்பிடத்தையே பார்த்துக்கொண்டிருந்த மனிதரைப் பார்க்கப் பொறுக்காமல் அவள் டொக்டரிடம் கேட்டாள். மோட்டர் உள்ள சைக்கிள் என்றால் நல்லது, ஏற்றத்தை மோட்டர் பார்த்துக்கொள்ளும், நெஞ்சுக்குச் சுமை வராது என்றார் டொக்டர். வசந்தத்தில் வாங்கினாள். அப்பா முதலில் பின்சில்லைத் தூக்கிப் பாரம் பார்த்தார். பிறகு கைப்பிடியில் இருந்த சிறு திரையையும் அதில் நிறைந்து நின்ற ஐந்து கோடுகளையும் பார்த்தார்.

"உது மிதிக்க மிதிக்க நிரம்பும் என்ன?"

"இல்லை அப்பா. பிளக்கிலை போட்டாத்தான் நிரம்பும்."

அவர் அதை ஏற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் கடையில் பற்றரி ஒன்றுகூட இல்லாதபோது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோவில் செய்தி கேட்டவர் அவர். "மிதிச்சா கறண்ட் வரும். நான் கண்ணாலை கண்டனான், காதாலையும் கேட்டனான்." சாருகா பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். விளம்பரத் தாளின் ஓரத்தில் மோட்டர், பற்றரி, கம்பி எல்லாம் கீறி விளங்கப்படுத்தினாள். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உன்ரை படம் சரி பிள்ளை. ஆனா இது சைக்கிள்."

போகும்போது மோட்டரை நிறுத்தி மிதித்துப் பற்றரியை நிரப்புவது, வரும்போது அதைச் செலவழிப்பது. இதுதான் அவருடைய முறை. அது வீட்டில் நல்ல பகிடியாக இருந்தது. கோடை முடியும் நேரத்தில் ஒருநாள் சாப்பிடும்போது, "ஓமோம், நீ சொன்னதுதான் சரி, இப்ப போட்டுத்தான் ஓடுறன்" என்றார். மெய்யாகச் சொன்னாரா, அவள் வாயை அடைக்கச் சொன்னாரா என்பதை அவள் அப்போது யோசிக்கவில்லை. இப்போது வேறொன்றையும் யோசிக்க முடியவில்லை.

எதற்கும் இருக்கட்டுமென்று சனிக்கிழமை இரவுகளில் அவர் பற்றரியைப் பிளக்கிலும் போட்டு முழுதாக நிரப்பி வைப்பார். மோட்டரைப் போட்டுக்கொண்டு வந்திருந்தால் அம்மருட்டிலிருந்து இவ்வளவு தூரத்துக்கு இரண்டு கோடாவது குறைந்திருக்கும். நிறுத்திவிட்டு மிதித்திருந்தால் ஐந்தும் அப்படியே நிற்கும். திரையை ஒருமுறை பார்த்தால் போதும். சாருகா இதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடமும்தான்.

தரிப்பிலிருந்து பண்ணைக்குச் சரளைக்கல் பாதை ஒன்று போனது. ஒரு பக்கம் அறுவடை முடிந்த வயல். மறுபக்கம் தூரத்தில் ஏரி, ஒஸ்லோ முழுவதும் குடிக்கிற தண்ணீர் அதில்தான் இருக்கிறது. யாரும் குளிக்கக்கூடாது என்று பலகை நின்றது. வெள்ளைப் பட்டைப் பூர்ச்ச மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. நகரத்தின் கடைசி அடுக்குமாடியிலிருந்து பஸ்ஸில் சற்று நேரம்தான், அதற்குள் இப்படி ஓர் இடம் ஒளிந்திருக்கிறதே என்று சாருகா முதல் தடவையாக ஆச்சரியப்பட்டாள். ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்தவள். பள்ளிப் பிள்ளைகளை ஒருமுறை இங்கே கூட்டிவந்ததுண்டு. அப்போது பிள்ளைகளை எண்ணியது மட்டும்தான் நினைவிருந்தது.

பண்ணை வாசலில் பண்ணைக்காரர் எட்வேட் நின்றார். எழுபது வயதிருக்கும். பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு நாய். சாருகாவின் கையைப் பிடித்து மெதுவாக அனுதாபம் சொல்லிவிட்டு, "உள்ளே வாருங்கள், கோப்பி போட்டிருக்கிறேன்" என்றார்.

அம்மா படலைக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

"நாய் ஒன்றும் செய்யாது," என்றார் எட்வேட்.

"நாய்க்குப் பயந்து இல்லை எண்டு சொல்லு பிள்ளை. துடக்கு. ஆற்றையும் வீட்டுக்குள்ளை போகக்கூடாது."

துடக்கை நோர்வேஜிய மொழியில் என்னவென்று சொல்வது என்று சாருகா கொஞ்ச நேரம் திண்டாடினாள். அசுத்தம் என்றால் அம்மா அசுத்தம் என்று ஆகிவிடும். கடைசியில், "சாவு நடந்த வீட்டுக்காரர் சில நாட்களுக்கு மற்றவர்கள் வீட்டுக்குள் போகமாட்டார்கள். உங்களுக்காகத்தான், உங்கள் வீடு நல்லாயிருக்கட்டும் என்று" என்றாள்.

எட்வேட் அம்மாவை ஒருமுறை பார்த்தார். உள்ளே போனார். திரும்பி வரும்போது இரண்டு நாற்காலிகளைத் தூக்கி வந்தார், இன்னொரு தடவை போய் மூன்றாவதையும் கோப்பிக் குடுவையையும் கொண்டுவந்தார். பாதையோரப் புல்லில் வரிசையாகப் போட்டார். மூவரும் றோட்டைப் பார்த்தபடி இருந்தார்கள். டிராக்டரில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்து, தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

எட்வேட் கோப்பியை ஊற்றிக் கொடுத்தார். 

"அந்தக் கம்பி வேலிக்குப் பக்கத்தில்," என்றார் பிறகு, கோப்பையால் காட்டி. "சைக்கிளைத் தாங்கியில் ஒழுங்காக நிறுத்திவிட்டுப் புல்லில் இருந்தார். செம்மறிகளைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அடிக்கடி அப்படி இருப்பார். நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை."

"அவரை உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"பெயர் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். நிறையக் கேட்பார். ஒருநாள் கேட்டார், கொள்ளை நோயில் இந்தப் பள்ளத்தாக்கே வெறுமையாகிவிட்டது, தலைமுறை தலைமுறையாக யாரும் இல்லை, பிறகு ஆட்கள் வந்தார்கள் என்று இடிந்த கோயிலடிப் பலகையில் எழுதியிருக்கிறதே, அப்படி வந்தவர்களுக்கு எந்த வயல் யாருடையது என்று எப்படித் தெரிந்தது என்று." எட்வேட் தலையை ஆட்டினார். "நான் இங்கேயே பிறந்தவன். ஒருநாளும் அதை யோசித்ததில்லை. தெரியாது என்றேன். அடுத்த ஞாயிறு வந்து, ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார்."

சாருகா அதை அம்மாவுக்குச் சொல்லத் திரும்பினாள். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். முதியோர் இல்லச் சமையலறையில் இத்தனை வருடம் வேலை செய்தவளுக்கு அவ்வளவு விளங்கும்.

"என்னட்டையும் உதைக் கேட்டவர்," என்றாள். "நான் சோறு ஆறுது, வந்து சாப்பிடுங்கோ எண்டனான்."

எட்வேட் எழுந்து கொட்டிலுக்குப் போய்ச் சைக்கிளை உருட்டிவந்தார். சில்லிலிருந்த சேற்றைக்கூடத் துடைத்திருந்தார். அப்பாவின் பொருட்களோடு பொலிஸ் முன்பே தந்திருந்த சாவியைச் சாருகா போட்டாள். அம்மாவுக்குத் தெரியக்கூடாதென்று உடம்பால் மறைத்துக்கொண்டு, திரையின் பொத்தானை அழுத்தினாள்.

ஐந்து கோடு.

நாய் அவளுடைய காற்சட்டையை முகர்ந்துகொண்டிருந்தது. ஏரிப் பக்கமிருந்து ஏதோ ஒரு பறவை திரும்பத் திரும்ப ஒரே சத்தத்தைப் போட்டது. இவ்வளவு பாரமான இரும்பை, வலை வைத்த நெஞ்சோடு, அந்த ஏற்றங்கள் எல்லாம் மிதித்திருக்கிறார்.

"முழுதாக இருக்கிறதல்லவா?" என்றார் எட்வேட், சற்று மகிழ்ச்சியோடு. "என்னுடையதும் இதே இனம்தான். நேற்று என் சார்ஜரில் போட்டுவைத்தேன். யாராவது இதை வீடுவரை ஓட்டிப் போகவேண்டுமே. வெறும் பற்றரியோடு உங்களை அனுப்ப மனம் வரவில்லை."

சாருகா நிமிர்ந்தாள். "அதற்கு முன்பு எத்தனை கோடு இருந்தது?"

"பார்க்கவில்லையே."

"திரையில் வெளிச்சம் இருந்ததா? நீங்கள் அவரிடம் போனபோது?"

"பகல் நேரம். நான் அவரைத்தான் பார்த்தேன்." அவர் முகத்தில் குழப்பம் வந்தது. "நான் செய்யக்கூடாததைச் செய்துவிட்டேனா?"

"இல்லை, இல்லை," என்றாள் சாருகா. "மிகவும் நன்றி. பெரிய உதவி." சொல்லிமுடித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கியபோது அது வேறொன்றாக மாறப் பார்த்தது. சைக்கிளைத் திருப்பி ஏறிவிட்டாள்.

"கொஞ்சம் ஓடிப்பாத்திட்டு வாறன் அம்மா."

முதலில் மோட்டரைப் போடவில்லை. பாதையில் கீழே இறங்கி, பெரிய றோட்டில் திரும்பி, பழைய கிறிஸ்தவக் கற்கோயில் இடிந்து நிற்கும் மேட்டுக்குப் போனாள். கூரை இல்லாத சுவர்கள். உள்ளே புல். பலகையில் எழுதியிருந்ததைக் கடைசி வரிவரை வாசித்தாள். அப்பா சாப்பாட்டு மேசையில் சொல்லச் சொல்ல அவள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த விஷயங்கள் எல்லாம் அதில் இருந்தன. கோயிலும் நோயும் வெறுமையான பண்ணைகளும், பிறகு வந்து மரம் அரிந்தவர்களும். எந்த வயல் யாருடையது என்பது மட்டும் அதில் இல்லை. பின்பக்கமாகப் போய், வேறு பலகை ஏதும் நிற்கிறதா என்றும் தேடிப் பார்த்தாள்.

திரும்பிப் பண்ணையை நோக்கி ஏறினாள். பாதி வழியில் தொடை எரிந்தது. வேலியடிக்கு வந்தபோது வாயால் மூச்சு விட்டாள். சைக்கிளைத் திருப்பிக் கீழே போனாள். இப்போது மோட்டரைப் போட்டு ஏறினாள். யாரோ முதுகில் உள்ளங்கையை வைத்துத் தள்ளுவதுபோல் இருந்தது. மூச்சு மாறவேயில்லை. இரண்டு தடவையும் சைக்கிள் அதே வேலியடியில், அதே சரளைக்கல்லில்தான் வந்து நின்றது. அங்கிருந்து பார்த்தால் ஏரி தெரியவில்லை. வயல்தான் தெரிந்தது, வயலைக் குறுக்கே அறுத்துப்போகும் பாசி பிடித்த ஒரு கல்வரிசையும். அதை எவர் அடுக்கியிருப்பார் என்று யோசித்தபடி அவள் சைக்கிளிலிருந்து இறங்காமல் நின்றாள். மூன்றாம் தடவையும் கீழே போய் வந்தாள்.

நாற்காலியில் இருந்த அம்மா அவள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்வேட்டிடம் விடைபெற்று, சைக்கிளை உருட்டிக்கொண்டு தரிப்புக்கு நடக்கும்போது கேட்டாள்:

"என்ன சோதனை செய்தனீ?"

 சில்லு சரளையில் நொறுநொறுத்தது.

"அம்மா, அப்பா கடைசியா மோட்டரைப் போட்டுத்தானே ஓடினவர்?"

"எனக்கென்ன தெரியும்? வா வா எண்டு எத்தினை தரம் கூப்பிட்டவர். நான் ஒருநாளும் அவரோடை வரேல்லையே."

பஸ் வந்தது. படியில் கால் வைத்த அம்மா திரும்பி, மகளின் முகத்தை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். "பாத்து ஓடு," என்றாள். கதவு மூடிக்கொண்டது.

அடுத்த வாரம் அல்ஃபசெத் தகன மண்டபத்தில் கிரியை நடந்தது. உரலில் வாசனைச் சுண்ணம் இடித்துத் திருவாசகப் பதிகம் பாடினார்கள். கனடாவிலும் ஊரிலும் இருந்தவர்கள் பார்ப்பதற்காக ஒரு கைபேசியைக் கம்பியில் பொருத்தி வைத்திருந்தார்கள். எட்வேட் கறுப்பு உடுப்புப் போட்டு வந்து கடைசி வரிசையில் இருந்தார். எல்லாம் முடிந்து ஆட்கள் வெளியே முற்றத்தில் நின்றபோது, இராசமணி மாமிக்கு அடக்க முடியாமல் அழுகை வந்துவிட்டது.

"ஐயோ தம்பி, உந்தக் கோதாரி விழுந்த சைக்கிளை மிதிச்சு மிதிச்செல்லோ போனாய்..."

சாருகாவுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள்.

"மச்சாள்," என்றாள் அம்மா. சத்தமில்லாமல்தான் சொன்னாள், ஆனாலும் அழுகை நின்றது. "அவர் மிதிச்சுக் களைச்சுப் போகேல்லை. மோட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெளிச்சமும் எரிஞ்சுகொண்டு இருந்ததாம். பற்றரியிலை ரெண்டு கோடு குறைஞ்சு கிடந்ததாம். அங்கை நிக்கிற அந்த மனிசன்தான் கண்டவர். எனக்கு முன்னாலைதான் சொன்னவர்."

சாருகா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். கோடுகளைப் பற்றி அவள் அம்மாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அம்மா கைலேஞ்சியை நான்காக மடித்துக்கொண்டிருந்தாள்.

"மெய்யோ?" மாமி மூக்கைத் துடைத்துக்கொண்டு எட்வேட்டைப் பார்த்தார். "எங்கை, கேள் பிள்ளை அவரிட்டை. என்ரை காதாலை கேக்கவேணும்."

தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று விளங்கி எட்வேட் கிட்ட வந்தார். சாருகா அவர் முன்னால் நின்றாள். நோர்வேஜிய மொழியில், பண்ணையில் அன்று கேட்காமல் விட்டதைக் கேட்டாள்.

"அவருக்கு நோகிறது போலத் தெரியவில்லை அல்லவா? உண்மையிலேயே செம்மறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது போலத்தான் இருந்தாரா?"

 அந்த வேலியடிக்கு ஒருமுறை போய்த் திரும்பியதுபோல் இருந்தது எட்வேட்டின் பார்வை.

"யா," என்றார். பிறகு மாமியின் பக்கம் திரும்பி, தலையை ஆட்டி, "யா, யா" என்றார்.

ஆமென்ற அந்த ஒரு சொல்தான் மாமிக்குத் தெரியும். அவர் கண்ணை மூடி, நெஞ்சில் கையை வைத்து, எட்வேட்டின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சாருகாவின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்தார். "நீ வாங்கிக் குடுத்ததிலை பிழையில்லை பிள்ளை," என்றார்.  சாருகா மாமியின் தோளுக்கு மேலால் அம்மாவைத் தேடினாள். அம்மா எட்வேட்டுக்குத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றைத் திறக்க முயன்றுகொண்டிருந்தாள்.

அதைப் பற்றி அம்மாவும் மகளும் பிறகு கதைத்ததில்லை.

சாம்பலை மார்கழியில் மாமியின் மகன் கடலில் கரைக்க யாழ்ப்பாணத்துக் கீரிமலைக்குக் கொண்டுபோனான். மாமி அவனோடு போனவர் அங்கேயே தங்கிவிட்டார்; குளிர் ஒத்துவரவில்லை. எட்வேட் செம்மறிகளை விற்றுவிட்டார், நாய் இருக்கிறது. சாருகா நகரத்தின் மறுபுறம் ஹொல்ம்லியாவில் இருந்தபடி அதே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். மின்சாரம் பற்றிய பாடம் வரும்போது கொஞ்சம் மெதுவாகப் படிப்பிக்கிறாள் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். சைக்கிளை அம்மா யாருக்கும் கொடுக்கவில்லை. பனி உருகியதிலிருந்து வேலைக்கு அதில்தான் போகிறாள். ஏற்றம் வந்தால் இறங்கி உருட்டுகிறாள்.